வினாயகபுரத்தில் ஒரு கணக்கு



பயணம் என்ற சொல்லைக் கேட்டதும் நம் வீட்டுப் பெண்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது? கலியாண வீடு, மையித்து வீடு, வைத்தியசாலை, பிள்ளைகளின் பாடசாலைக் கூட்டம். அல்லாஹ் நாடினால் உம்ரா, ஹஜ். வீதியைப் பார்ப்பதற்காகவே வீதியில் போவது நமக்குப் பழக்கமில்லாத காரியம். சென்ற ஓகஸ்ட் விடுமுறையில் நாங்கள் அப்படி ஒரு பயணம் போனோம். அதுவும் மோட்டார் சைக்கிளில். முகம் சுளிக்காமல் கொஞ்சம் கேளுங்கள்.

ஆசையைக் கிளப்பிவிட்டது என் தோழியின் கைபேசிக்கு வந்த ஒரு படம். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் கடலை ஒட்டிய வீதி. நண்பர்கள் சிலர் மோட்டார் சைக்கிள்களில் அதன் வழியே போய், ரெட்வுட் என்னும் மரங்கள் நிற்கும் காட்டுக்குள் நுழைகிறார்கள். செந்நிறப் பட்டை கொண்ட அந்த மரங்களில் சில 100 மீற்றருக்கும் மேல் உயர்ந்தவை. நான்கைந்து தென்னைகளை ஒன்றின் மேல் ஒன்றாக நிறுத்தினால் எவ்வளவு உயரமோ, அவ்வளவு. 2,000 வருடங்களைத் தாண்டியவையும் அவற்றில் உண்டு. வெட்டி வெட்டி இப்போது பழைய காட்டில் 100க்கு 5 பங்குதான் மிச்சமாம். 1968 இல் அங்கே தேசியப் பூங்கா அமைத்து மிஞ்சியதைக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

"நமக்கு இப்படி ஒரு வீதி இல்லையா?" என்றாள் தோழி.

இருக்கிறது சகோதரிகளே. நம் வீட்டு வாசலாலேயே போகிறது. கொழும்பில் தொடங்கி, இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை, பொத்துவில், கல்முனை வழியாக மட்டக்களப்பு வரை வரும் ஏ4 வீதி. ஏறக்குறைய 430 கிலோமீற்றர். அதில் கல்முனைக்கும் பொத்துவிலுக்கும் இடைப்பட்ட 70 கிலோமீற்றர் அளவான துண்டு கடலைப் பிரியாமல் ஓடுகிறது. பொத்துவிலில் மேற்கே திரும்பியதும் காட்டுக்குள் நுழைகிறது. பிறந்ததிலிருந்து அந்த வீதியில்தான் பாடசாலைக்கும் சந்தைக்கும் போய் வந்திருக்கிறோம். அது எங்கே போகிறது என்று மட்டும் பார்த்ததில்லை.

மரங்களின் பெயரில் ஊர்கள்

புறப்படுவதற்கு முதல் நாள் இரவு உம்மாவிடம் சொன்னேன். உம்மாவுக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. பிறந்தது சாய்ந்தமருது, வாழ்க்கைப்பட்டு வந்தது மருதமுனை. "ரெண்டு ஊருலயும் மருது இருக்கு மகள். ஆனா மருத மரம் எப்படி இருக்கும் எண்டு நான் கண்டதில்ல. காட்டுல இருந்தா பாத்துட்டு வந்து சொல்லு" என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மருதமுனை, சாய்ந்தமருது, மாவடிப்பள்ளி, ஆலையடிவேம்பு, பனங்காடு என்று எத்தனை ஊர்கள் மரங்களின் பெயரைச் சுமந்து நிற்கின்றன! பெயர் நிலைத்துவிட்டது; மரத்தைத் தேடித்தான் போக வேண்டியிருக்கிறது.

உம்மாவுக்குச் சொல்லாத இன்னொரு வேலையும் எனக்கும் காக்காவுக்கும் இருந்தது. வழியில் வினாயகபுரத்தில் ஒரு கணக்கு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஊருக்கு ஊர் மாறும் வீதி

சுப்ஹு தொழுதுவிட்டு நான்கு வண்டிகளில் புறப்பட்டோம். காக்காவும் மதினியும் ஒன்றில். நானும் அவரும் ஒன்றில். தோழியும் அவளது கணவரும் ஒன்றில். தோழியின் தங்கை ஓர் ஆசிரியை. அவர் தன் ஸ்கூட்டியைத் தானே ஓட்டிக்கொண்டு, பத்தாம் வகுப்பு படிக்கும் மகனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்தார். இருபது வருடங்களுக்கு முன்பென்றால் ஊர் கூடி வேடிக்கை பார்த்திருக்கும். இப்போது யாரும் திரும்பியும் பார்க்கவில்லை.

பஸ்ஸின் யன்னலால் தெரியாத ஒன்று மோட்டார் சைக்கிளில் தெரிகிறது. அது ஊர்களின் வாசனை. மருதமுனையில் கைத்தறி நூலுக்குப் போட்ட சாயம். பாண்டிருப்பில் கோயில் வாசலின் கற்பூரம். கல்முனைச் சந்தையில் மீன். சாய்ந்தமருதில் பேக்கரிப் பாண். பிறகு சுவாமி விபுலாநந்தர் 1892 இல் பிறந்த காரைதீவு. அடுத்து நிந்தவூர். ஒரு முஸ்லிம் ஊர், ஒரு தமிழ் ஊர், மறுபடி ஒரு முஸ்லிம் ஊர் என்று பாய் பின்னியது போல இந்தக் கரை பின்னப்பட்டிருக்கிறது. நடுவில் வேலி எதுவும் இல்லை. பெயர்ப் பலகையைப் பார்த்துத்தான் ஊர் மாறியதை அறிய வேண்டும்.

2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் வந்தபோதும் அது வேலி பார்க்கவில்லை. இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது நம் அம்பாறை மாவட்டம்தான். பத்தாயிரத்துக்கும் மேல்.

ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தைக் கடந்தோம். 1995 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கியது. காலையிலேயே மாணவிகள் புத்தகங்களோடு நடந்துகொண்டிருந்தார்கள். நம் பெண் பிள்ளைகளின் படிப்புக்கு இந்த ஒரு வளாகம் எத்தனை வீடுகளின் கதவைத் திறந்துவிட்டது என்று மதினி சொல்லிக்கொண்டு வந்தார். அதே ஊரில் 2013 இல் திறந்த துறைமுகம் வேறு கதை. இந்தக் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்வது. துறைமுகத்தின் கல்லணை அதை மறித்துவிட்டது. மணல் வராமல் வடக்குப் பக்கக் கரையைக் கடல் அரித்து, தென்னந்தோட்டங்களை விழுங்கியது.

பாலமுனை, அட்டாளைச்சேனை தாண்டி அக்கரைப்பற்றில் இடியப்பமும் சொதியும் சம்பலும் சாப்பிட்டோம். அதற்குத் தெற்கே முஸ்லிம் ஊர்களின் தொடர் நின்றுவிடுகிறது. தம்பிலுவில், திருக்கோவில், வினாயகபுரம், கோமாரி எல்லாம் தமிழ் ஊர்கள். பொத்துவிலில்தான் மறுபடி நம் ஆட்களைக் காணலாம். நம்மில் எத்தனையோ பேர் பொத்துவிலில் உள்ள சொந்தக்காரரைப் பார்க்கப் போயிருக்கிறோம். இந்த இடைப்பட்ட ஊர்களில் வண்டியை நிறுத்தி இறங்கியவர்கள் எத்தனை பேர்?

வாப்பாவின் கொப்பி

எங்கள் வாப்பா கைத்தறிப் புடவைகளும் சாரங்களும் கொண்டுபோய் விற்பவர். பழைய ஹொண்டா ஒன்றின் பின்னால் மூட்டையைக் கட்டிக்கொண்டு திருக்கோவில், வினாயகபுரம் வரை போவார். வினாயகபுரத்தில் ஒரு கமக்காரர் அவருக்கு நல்ல சிநேகம். அவருடைய வீட்டுத் திண்ணையில்தான் மூட்டையை அவிழ்ப்பார். திரும்பும்போது அங்கிருந்து கச்சான் வாங்கி வந்து கல்முனையில் கொடுப்பார்.

1990 மே மாதம் வாப்பா இரண்டு மூடை கச்சான் வாங்கினார். பாதிப் பணம் போலக் கொடுத்துவிட்டு, 1,100 ரூபா பாக்கி வைத்தார். அடுத்த முறை தருவதாகப் பேச்சு. அந்த அடுத்த முறை வரவில்லை. ஜூனில் மீண்டும் யுத்தம் மூண்டது. ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதே மாதம் வீரமுனையில் கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழ் மக்கள் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகு அவரவர் ஊரின் எல்லையே உலகத்தின் எல்லையாகிவிட்டது.

2002 இல் போர்நிறுத்தம் வந்து வீதியில் பயம் குறைந்தபோது வாப்பா படுக்கையில் இருந்தார். 2003 இல் வபாத்தானார். "வினாயகபுரத்துக் கணக்கை மறந்துடாதீங்க" என்று எங்களுக்கு வஸிய்யத் செய்தார். அவரது கணக்குக் கொப்பி உம்மாவின் அலுமாரியில் இன்றும் இருக்கிறது.

சகோதரிகளே, இந்த இடத்தில் எங்கள் குற்றத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். முதலில் பயம். பிறகு கடல் கொந்தளிப்பு. பிறகு மறுபடி யுத்தம். 2009 இல் அதுவும் முடிந்தது. அதற்குப் பின் எங்களுக்குச் சொல்ல எந்தச் சாட்டும் இல்லை. நாளை, அடுத்த மாதம், பெருநாள் முடியட்டும் என்று நாங்களே தள்ளிப் போட்டோம். கடனோடு போனவர்களைப் பற்றி நம் மார்க்கம் எவ்வளவு கடுமையாகச் சொல்கிறது என்பது தெரிந்திருந்தும் தள்ளிப் போட்டோம். "1,100 ரூபா தானே" என்ற நினைப்பும் உள்ளே இருந்திருக்கும். இன்று அந்தப் பணத்தோடு கடைக்குப் போனால் ஒரு பை நிறையவும் கச்சான் கிடைக்காது.

காக்கா வருவார்

திருக்கோவிலில் கடற்கரையை ஒட்டிச் சித்திரவேலாயுத சுவாமி கோயில் நிற்கிறது. அந்தக் கோயிலால்தான் ஊருக்கே அந்தப் பெயர். அதைத் தாண்டிச் சிறிது தூரத்தில் வினாயகபுரம். நெஞ்சு படபடத்தது. முப்பது வருடத்துக்கும் மேலாகிவிட்டது. யார் இருப்பார்கள்? எந்த முகத்தோடு போய் நிற்பது?

ஒரு சில்லறைக் கடையில் காக்கா இறங்கி, அந்தக் கமக்காரரின் பெயரைச் சொல்லி விசாரித்தார். கடைக்காரத் தம்பி வெளியே வந்து, தன் சைக்கிளில் முன்னால் போய் வழி காட்டினார்.

கமக்காரர் இறந்து பல வருடமாகியிருந்தது. பழைய வீட்டைக் கடல் கொண்டுபோயிருந்தது. இப்போது இருப்பது பிறகு கட்டிய சிறு வீடு. அவரது மனைவி முற்றத்தில் உட்கார்ந்து கச்சான் கோது உடைத்துக்கொண்டிருந்தார். நான்கு வண்டிகளும் அபாயா போட்ட நான்கு பெண்களும் வாசலில் வந்து நின்றால் யாருக்குத்தான் திகைப்பாக இராது? காக்கா ஊரைச் சொல்லி, வாப்பாவின் பெயரைச் சொன்னார்.

அந்த அம்மா எழுந்து வந்து என் முகத்தை உற்றுப் பார்த்தார். "காக்காட மகளா? ஹொண்டாவுல புடவை கொண்டு வருவாரே, அந்தக் காக்காட மகளா பிள்ளை நீ?"

பாய் விரித்தார். இளநீர் வெட்டச் சொன்னார். நாங்கள் கணக்கைச் சொன்னோம். அவருக்கு ஒன்றும் நினைவில்லை. அவர்கள் வீட்டில் இருந்த எழுத்துக்கள் எல்லாம் கடலோடு போய்விட்டன. நாங்கள் போகாவிட்டால் அந்த 1,100 ரூபாவைப் பற்றிக் கேட்பதற்கு உலகத்தில் ஒருவரும் இருந்திருக்கமாட்டார்கள். அதை நினைத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

"அவர் கடன் எண்டு ஒரு நாளும் சொன்னதில்ல," என்றார் அந்த அம்மா. "சண்டை நாளையில ரோட்டுப் பக்கம் பாத்துக்கொண்டு இருப்பார். 'காக்கா வருவார்' எண்டுதான் சொல்லுவார்."

நாங்கள் யாரும் பேசவில்லை.

புறப்படும் முன்பே காக்கா ஓர் ஆலிமிடம் கேட்டிருந்தார். வாங்கிய தொகையைக் கொடுப்பதுதான் கடமை. அதற்கு மேல் மனமுவந்து கொடுப்பது நல்லது என்று அவர் சொல்லியிருந்தார். இன்றைய விலைக்கு இரண்டு மூடைக் கச்சானின் பணத்தை ஓர் உறையில் போட்டுக் கொண்டுபோயிருந்தோம். அந்த அம்மா உறையைப் பிரித்து, 1,100 ரூபாவை மட்டும் எண்ணி எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு, மீதியைத் திருப்பி நீட்டினார். காக்கா வாங்க மறுத்தார். இருவரும் சிறிது நேரம் அந்த உறையை இங்குமங்கும் தள்ளிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் மதினிதான் வழி கண்டுபிடித்தார். காலையில் நாங்கள் தாண்டி வந்த ஒலுவில் வளாகத்தில்தான் பேத்தி படிக்கிறாளாம். "அப்ப அவட புத்தகத்துக்கு வையுங்கம்மா" என்று மதினி சொன்னதும் வாங்கிக்கொண்டார்.

புறப்படும்போது ஒரு பை கச்சானை என் கையில் திணித்தார். "உம்மாட்டக் குடு பிள்ளை. உப்புப் போட்டு அவிச்சுத் தின்னச் சொல்லு."

"மறுபடியும் கடனா!" என்று காக்கா சிரித்தார். அந்த அம்மாவும் சிரித்தார். "ஓம், அப்பதானே திரும்பி வருவீங்க" என்றார்.

கிழக்கின் கடைசி முனை

வினாயகபுரத்துக்குத் தெற்கே வீடுகள் குறைந்து மணலும் பற்றையும் கூடுகின்றன. மேற்கிலிருந்து கச்சான் காற்று பக்கவாட்டில் அடித்து வண்டியைத் தள்ளுகிறது. வேகத்தைக் குறைத்துக்கொண்டோம். வழியில் சங்கமன்கண்டி. இலங்கைத் தீவின் மிகக் கிழக்கான முனை இதுதான். நாட்டில் சூரியனை முதலில் காணும் கரை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். 2020 செப்டெம்பரில் நியூ டயமண்ட் என்ற எண்ணெய்க் கப்பல் தீப்பிடித்தது இந்த முனைக்கு நேரே, கடலுக்குள்தான். குவைத்திலிருந்து இந்தியாவுக்குச் சுமார் 2,70,000 தொன் மசகு எண்ணெய் கொண்டுபோன கப்பல். அந்த எண்ணெய் கரைக்கு வந்திருந்தால் இந்தக் கரையின் மீனவக் குடும்பங்களின் கதி என்ன? அல்லாஹ் காப்பாற்றினான்.

பொத்துவிலில் லுஹர் தொழுது, சாப்பிட்டோம். பக்கத்திலேயே அறுகம்பை. அலைச்சறுக்கு விளையாட உலகம் முழுவதிலுமிருந்து வருகிறார்கள். கடல் உடைத்த பாலத்துக்குப் பதிலாக 2008 இல் கட்டிய பாலத்தில் நின்று ஒரு பக்கம் களப்பையும் மறு பக்கம் கடலையும் பார்த்தோம்.

லாகுகல காடு

பொத்துவிலிலிருந்து மேற்கே திரும்பியதும் காற்றே மாறிவிட்டது. உப்பு மணம் போய், ஈர மண்ணும் இலையும் மணத்தன. வீதியின் இரு பக்கமும் மரங்கள். லாகுகல தேசியப் பூங்கா 1980 இல் அறிவிக்கப்பட்டது. 1,554 ஹெக்டயர்தான், இலங்கையின் மிகச் சிறிய தேசியப் பூங்காக்களில் ஒன்று. ஆனால் ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் வேறிடங்களில் தண்ணீர் வற்றும்போது, குளத்தில் வளரும் புல்லைத் தின்ன யானைகள் இங்கே கூட்டமாக வருகின்றன. தேசியப் பூங்காக்களுக்குள் மோட்டார் சைக்கிள் விடமாட்டார்கள். இங்கே பொது வீதியே காட்டின் ஓரமாகப் போவதால் நம்மைப் போன்றவர்களும் பார்க்க முடிகிறது. தூரத்தில், குளத்தின் மறு கரையில், ஏழு யானைகளைக் கண்டோம். நடுவில் ஒரு குட்டி. தாய்மார் அதைச் சுற்றி நின்ற விதத்தைப் பார்த்தபோது, பெருநாள் சந்தையில் நாம் பிள்ளையின் கையைப் பிடித்து நடப்பதுதான் நினைவுக்கு வந்தது.

குளத்தோரம் நின்ற ஒரு பெரிய மரத்தைக் காட்டி, "இது என்ன மரம்?" என்று வழியில் போன ஒரு சிங்களப் பெரியவரிடம் தோழியின் கணவர் கேட்டார். "கும்புக்" என்றார் அவர்.

கும்புக் என்பதுதான் நம் மருத மரம்! குமணைக் காட்டின் எல்லையில் ஓடும் கும்புக்கன் ஓயாவுக்கும் அந்தப் பெயர்தான். சாம்பல் படர்ந்த வழுவழுப்பான அடிமரம். ஐந்து சிறகு வைத்த காய். தண்ணீர் உள்ள இடத்தில்தான் வளரும். தன் வேரால் ஆற்றங்கரையைச் சரியாமல் பிடித்துக்கொள்ளும். இதன் பட்டையை நாட்டு வைத்தியர்கள் நெஞ்சு வருத்தத்துக்குக் கஷாயமாகக் கொடுப்பார்கள். அதற்காக டொக்டர் தந்த குளிசையை நிறுத்திவிடாதீர்கள். காட்டிலிருந்து ஓர் இலையும் எடுக்கவில்லை, எடுப்பது தவறு. படம் மட்டும் பிடித்துக்கொண்டோம்.

அது ரெட்வுட் போல வானத்தைத் தொடவில்லை. இரண்டாயிரம் வயதும் இராது. ஆனால் என் உம்மா பிறந்த ஊருக்கும் நான் பிறந்த ஊருக்கும் பெயர் கொடுத்த மரம். அதன் கீழே நின்றபோது எனக்குக் கண் கலங்கியது.

போகிறவர்களுக்கு

நீங்களும் போக நினைத்தால் சில விடயங்கள். அபாயாவின் ஓரத்தையும் சாரியின் முந்தானையையும் நன்றாகச் சுருட்டி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். பின் சில்லில் துணி சிக்கிப் பறிபோன உயிர்கள் நம் ஊர்களில் உண்டு. தலைக்கவசத்துக்குள் மெல்லிய பருத்தித் துணி போதும். கார்த்திகை முதல் தை வரை மழைக் காலம், அப்போது வேண்டாம். பொத்துவிலிலேயே பெற்றோல் நிரப்பிவிடுங்கள். யானையைக் கண்டால் ஹோன் அடிக்காமல், கிட்டப் போகாமல், தூரத்திலேயே நின்றுவிடுங்கள். பொழுது சாயும் முன் காட்டை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். நாங்கள் அஸருக்குப் பொத்துவிலுக்குத் திரும்பி, சாச்சி வீட்டில் தங்கி, மறு நாள் ஊர் வந்தோம்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது ஒன்று. வழியில் உள்ள ஊர்களில் இறங்குங்கள். ஒரு தேநீர் குடியுங்கள், ஒரு தயிர்ச் சட்டி வாங்குங்கள், பெயர் கேளுங்கள். யுத்தம் முடிந்ததும் வீதி திறந்துவிட்டது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். யாரும் இறங்காமல் போய்வரும் வீதி பாதிதான் திறந்திருக்கிறது. உங்கள் வீட்டு அலுமாரியிலும் ஒரு பழைய கொப்பி இருக்கலாம். எடுத்துப் பாருங்கள்.

ஊர் வந்ததும் உம்மாவுக்கு மரத்தின் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"இதுதானா மருது? சாயாம நேராத்தானே நிக்குது!" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டோம்.

பிறகு கச்சான் பையைக் கையில் வைத்தேன். எங்கிருந்து என்று நான் சொல்லவில்லை. பையை அவிழ்த்து, ஒன்றை உடைத்து, வாயில் போட்டு மென்றார்.

"வாப்பாட கணக்கு முடிஞ்சிட்டா மகள்?"

"முடிஞ்சிட்டு உம்மா."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டு, மீதிக் கச்சானை அவிக்கக் கொண்டுபோகச் சொன்னார்.